நாலாம் மாடிக்குப் போன மாமா

டெல்ஃபீன்: தொப்பியை இன்னும் கொஞ்சம் கீழ இழுத்து விடு மச்சான். மூஞ்சி இல்லாதது தெரியுது.

அம்புரோஸ்: இனிமே யாரு பாக்கப்போறா? லிஃப்ட்தான் நின்னு போச்சே.

டெல்ஃபீன்: கதவு திறக்கும்போது எதிர்ல யாரு நிப்பான்னு உனக்குத் தெரியுமா? இழுத்து விடு.

அம்புரோஸ்: எனக்கு மனசு ஒப்பலை டெல்ஃபீன். தானா வந்து நின்னு உயிரைக் குடுத்த மூஸ் மான் இது. அதோட ரெண்டு பின்னந்தொடைக்கு என் கோட்டை மாட்டி, ஹாக்கித் தொப்பி வச்சு, சக்கர நாற்காலியில உக்கார வச்சிருக்கோம்.

டெல்ஃபீன்: புகையிலை வச்சு, நன்றி சொல்லித்தானே என் தம்பி சுட்டான். மரியாதையில ஒரு குறையும் இல்ல. இந்தக் கூத்தைப் பாத்து அதுவே சிரிச்சுக்கிட்டு இருக்கும்.

அம்புரோஸ்: எதை வச்சுச் சிரிக்கும்? தலை ஃப்ரீசர்ல இருக்கு.

டெல்ஃபீன்: வேற என்னதான் செய்யச் சொல்ற? கீழ சமையல்கட்டுல சுகாதார இன்ஸ்பெக்டர் அம்மா வந்து நிக்குது. முத்திரை குத்தாத கறி அந்தச் சமையல்கட்டுல நுழையக் கூடாதாம். நாலாம் மாடி ஹால் சமையல்கட்டு கிடையாது. அங்க சின்ன அடுப்பு வச்சு வேக வச்சுக்கலாம், சட்டம் ஏறாது.

அம்புரோஸ்: சட்டமும் ஏறலை, லிஃப்டும் ஏறலை.

டெல்ஃபீன்: உனக்குத்தானேய்யா விருந்து. ஒரு வருஷம் குடிக்காம இருந்ததுக்குக் கழுகு இறகு வாங்கப்போறவன் கொஞ்சம் சந்தோஷமா இருந்தா என்ன?

அம்புரோஸ்: அந்த இன்ஸ்பெக்டர் அம்மா கதவைப் பிடிச்சுக்கிட்டு நாற்காலியில இருக்கிற நம்ம மாமாவைப் பாத்து, "எப்படி இருக்கீங்க ஐயா"ன்னு கேட்டுச்சே. எனக்கு உயிரே போயிடுச்சு.

டெல்ஃபீன்: அதான் காது கேக்காதுன்னு சொல்லிட்டேன்ல.

அம்புரோஸ்: உடனே குனிஞ்சு, சத்தமா இன்னொரு தடவை கேட்டுச்சு.

டெல்ஃபீன்: நல்ல வளர்ப்பு. சரி, அந்த மணிப் பொத்தானை அமுக்கு.

அம்புரோஸ்: அமுக்கினா யாரு பேசுவாங்க?

டெல்ஃபீன்: அமுக்கினாத்தானே தெரியும்.

ஷெல்பி: லிஃப்ட் அவசர உதவி, வணக்கம். என் பேரு ஷெல்பி. உள்ள மாட்டிக்கிட்டீங்களா?

டெல்ஃபீன்: இல்ல தாயி, சும்மா பேசலாம்னு கூப்பிட்டோம்.

ஷெல்பி: அப்போ நான் வச்சிடட்டுமாங்க?

அம்புரோஸ்: வச்சிடாதம்மா. மாட்டிக்கிட்டோம். வின்னிபெக், மெயின் தெரு, ரெட் வில்லோ வீடு. மூணாவது மாடிக்கும் நாலாவது மாடிக்கும் நடுவுல.

ஷெல்பி: ரெட் வில்லோ... அது என்ன, முதியோர் இல்லமாங்க?

டெல்ஃபீன்: குடியை விட்டவங்க, ஊசியை விட்டவங்க, விடப் பாக்குறவங்க எல்லாம் தங்குற வீடு. பாதிக்கு மேல எங்களை மாதிரி க்ரீ பழங்குடி ஆளுங்க. முன்னாடி இது ஹோட்டலு. கீழ பார் இருந்துச்சு. இவரு அப்பல்லாம் தள்ளாடிக்கிட்டு இதே லிஃப்ட்ல ஏறினவரு.

அம்புரோஸ்: அப்ப ஒரு நாள்கூட நின்னதில்ல இது.

ஷெல்பி: உள்ள எத்தனை பேருங்க?

டெல்ஃபீன்: ரெண்டு...

அம்புரோஸ்: மூணு.

டெல்ஃபீன்: ஆமா, மூணு.

ஷெல்பி: ரெண்டா, மூணா?

டெல்ஃபீன்: மூணுன்னே எழுதிக்க. எனக்கு எண்ணிக்கை கொஞ்சம் தகராறு.

ஷெல்பி: மூணு பேர்ல யாருக்காவது நடக்க முடியாத நிலைமை இருக்கா? சக்கர நாற்காலி...

அம்புரோஸ்: ஒருத்தர் நாற்காலியில இருக்காரு.

டெல்ஃபீன்: ஏன்யா சொன்ன?

அம்புரோஸ்: கேட்டுச்சு, சொன்னேன். பொய் சொல்லக் கூடாதுன்னுதானே தினம் காலையில வட்டமா உக்காந்து பேசுறோம்.

ஷெல்பி: அவரு பேருங்க?

டெல்ஃபீன்: மாமா.

ஷெல்பி: சரி. மாமா பேசுற நிலையில இருக்காரா?

டெல்ஃபீன்: அவரு எப்பவும் அதிகம் பேச மாட்டாரு.

ஷெல்பி: கண்ணு முழிச்சிருக்காரா?

அம்புரோஸ்: கண்ணைப் பத்தி உறுதியா சொல்ல முடியாதும்மா.

ஷெல்பி: மூச்சு விடுறாரா?

டெல்ஃபீன்: நீ வாயைத் திறக்காத மச்சான்.

ஷெல்பி: ஹலோ? அவரு மூச்சு விடுறாராங்க?

அம்புரோஸ்: இல்லம்மா.

ஷெல்பி: இல்லையா? எவ்வளவு நேரமா?

அம்புரோஸ்: ரெண்டு வாரமா.

டெல்ஃபீன்: உன் வாயில மண்ணை அள்ளிப் போட.

ஷெல்பி: பதறாதீங்க. நான் ஆம்புலன்ஸையும் தீயணைப்பையும் கூப்பிட்டுட்டேன். நீங்க இப்ப நான் சொல்றதைச் செய்யணும். அவரைத் தரையில படுக்க வைங்க. நெஞ்சுக்கு நடுவுல ரெண்டு கையையும் வச்சு...

அம்புரோஸ்: நெஞ்சு இல்லையே.

ஷெல்பி: என்னங்க?

அம்புரோஸ்: இடுப்புக்குக் கீழதான் இருக்காரு.

டெல்ஃபீன்: பொண்ணே, இருக்கியா?

ஷெல்பி: மீதி எங்கங்க?

அம்புரோஸ்: மூணு பையில கட்டி ஃப்ரீசர்ல வச்சிருக்கு. மூக்கை மட்டும் இவ அத்தைக்குக் குடுத்து அனுப்பியாச்சு. அவங்களுக்கு மூக்குன்னா ரொம்பப் பிடிக்கும்.

ஷெல்பி: நீங்க ரெண்டு பேரும் அப்படியே அமைதியா இருங்க. நான்... நான் இன்னொரு லைன்ல ஒருத்தர்கிட்ட பேசிட்டு வந்துடறேன்.

டெல்ஃபீன்: போலீஸா?

ஷெல்பி: இல்லங்க.

டெல்ஃபீன்: போலீஸ்தானே?

ஷெல்பி: ஆமாங்க.

டெல்ஃபீன்: மூஸ் மானு தாயி. மூஸ். காட்டுல திரியுமே, கொம்பு வச்சு. அதோட ரெண்டு தொடை. விருந்துக்கு மேல கொண்டு போறோம். கீழ இன்ஸ்பெக்டர் பாத்துடக் கூடாதுன்னு கோட்டு போட்டோம்.

ஷெல்பி: மானா?

அம்புரோஸ்: மானு.

ஷெல்பி: மானுக்கு ஏன் மாமான்னு பேரு?

டெல்ஃபீன்: சாப்பாடு போடுற பெரிய மனுஷனை வேற என்னன்னு கூப்பிடறது?

ஷெல்பி: ஒரு நிமிஷம் இருங்க. போலீஸை வேண்டாம்னு சொல்லிட்டு வரேன்.

அம்புரோஸ்: பாத்தியா? ஒரு பொய்யை எடுத்துக்கிட்டு லிஃப்ட்ல ஏறினோம். அது எங்க கொண்டு வந்து நிறுத்துச்சு பாரு.

டெல்ஃபீன்: எல்லாத்தையும் போட்டு உடைச்சது நீ. இப்ப எனக்கு உபதேசம் பண்றதும் நீ.

ஷெல்பி: சொல்லிட்டேங்க. போலீஸ் வராது. ஆம்புலன்ஸையும் நிறுத்தியாச்சு. தீயணைப்புக்காரங்க மட்டும் ஏற்கெனவே வந்து சேந்துட்டாங்களாம். கீழ ஒரு அம்மா அவங்ககிட்ட, "உள்ள காது கேக்காத பெரியவர் இருக்காரு, அவரை முதல்ல இறக்குங்க"ன்னு சொல்லிக்கிட்டு இருக்காங்களாம்.

அம்புரோஸ்: இன்ஸ்பெக்டர் அம்மா.

டெல்ஃபீன்: நல்ல வளர்ப்புன்னு சொன்னேன்ல.

ஷெல்பி: மெக்கானிக் வந்துதான் லிஃப்டை அசைக்கணும். அங்க பனி கொட்டுதாம், அவருக்கு முக்கால் மணி நேரம் ஆகும். அதுவரைக்கும் படிவத்தை முடிச்சிடலாம். இந்த மானை எதுல போடறதுன்னுதான் தெரியல. "பயணி", "சரக்கு", "வளர்ப்புப் பிராணி", மூணுதான் இருக்கு.

டெல்ஃபீன்: சரக்கா? யாரைப் பாத்துச் சரக்குங்கிற?

ஷெல்பி: அப்போ பயணின்னு போட்டுடறேன்.

அம்புரோஸ்: அது போதும்.

ஷெல்பி: இன்னொண்ணுங்க. லைன்ல டொம் டொம்னு ஒரு சத்தம் விடாம கேக்குது. மோட்டார்ல கோளாறான்னு மெக்கானிக் கேப்பாரு.

டெல்ஃபீன்: அது மோட்டாரு இல்ல. மேல ஹால்ல முரசு அடிச்சுப் பாடுறாங்க. இவருக்கு மரியாதைப் பாட்டு. இவரு உள்ள வரும்போது பாடணும்னு ஏற்பாடு. இதோ வந்துட்டாரு, இதோ வந்துட்டாருன்னு இது நாலாவது தடவை.

அம்புரோஸ்: அஞ்சாவது.

டெல்ஃபீன்: எண்ணிக்கிட்டா இருக்க?

அம்புரோஸ்: ஒவ்வொரு அடியும் மண்டையில விழுது. ஷெல்பி அம்மா, இந்த லிஃப்டை மேல தூக்காம கீழ இறக்க முடியுமா?

ஷெல்பி: ரெண்டுல எது பக்கமோ அங்கதாங்க நிறுத்துவாங்க.

அம்புரோஸ்: கீழன்னா நல்லா இருக்கும்.

டெல்ஃபீன்: கீழயா? விருந்து மேல, முரசு மேல, இறகு மேல. உன் மக ரேலீன் தாம்சன்லேர்ந்து எட்டு மணி நேரம் பஸ்ல வந்து மேல உக்காந்திருக்கா. ஆறு வருஷம் கழிச்சு அப்பனைப் பாக்க வந்திருக்கா. கீழ என்ன இருக்கு உனக்கு?

அம்புரோஸ்: வாசல் இருக்கு.

டெல்ஃபீன்: எங்க போறதுக்கு?

அம்புரோஸ்: மாமாவை உன்கூட ஹால் வரைக்கும் கொண்டு வந்து விட்டுட்டு, பின்படி வழியா இறங்கிப் போயிடலாம்னு இருந்தேன். கோட்டை அவரு போட்டிருக்காரேன்னுதான் ஒரே யோசனை. வெளிய கடுங்குளிரு. உன்கிட்ட அதைக் கழட்டிக் குடுன்னு கேக்கவும் முடியல.

டெல்ஃபீன்: இரு. என் பையில சேஜ் இலை இருக்கு. கொஞ்சம் புகை போட்டா உனக்கு மனசு தெளியும்...

ஷெல்பி: ஏங்க, தயவுசெஞ்சு உள்ள நெருப்பு மட்டும் பத்த வச்சிடாதீங்க.

டெல்ஃபீன்: பத்த வைக்கலை. சும்மா மூக்குகிட்ட பிடிக்கிறேன். இழு மச்சான். நல்லா இழு.

அம்புரோஸ்: பத்த வைக்காம இழுத்தா தும்மல்தான் வருது.

டெல்ஃபீன்: தும்மு. அதுவும் வெளிய போற ஒண்ணுதான். இப்ப சொல்லு.

அம்புரோஸ்: இறகைக் கையில வாங்கினா உண்மைதான் பேசணும் இல்லையா? கையில இறகை வச்சுக்கிட்டு ஒரு வருஷம்னு எப்படிச் சொல்லுவேன்? ஒரு வருஷம் இல்ல டெல்ஃபீன். பதினோரு நாள்.

டெல்ஃபீன்: ம்.

அம்புரோஸ்: ரேலீன்கிட்டேர்ந்து கடிதாசி வந்துச்சு பாரு, விருந்துக்கு வரேன்னு. அன்னைக்கு. கெட்ட சேதின்னா நான் தாங்குவேன். அதுக்கு ஆயுசு பூரா பழக்கம். நல்ல சேதி வந்தா என்ன செய்யறதுன்னு எனக்கு யாரும் சொல்லிக் குடுக்கல. கையும் ஓடல, காலும் ஓடல. கால் மட்டும் மருந்துக்கடைக்கு ஓடுச்சு.

ஷெல்பி: மருந்துக்கடைக்கா?

அம்புரோஸ்: வாய் கொப்புளிக்கிற தண்ணி, அதுலயும் சாராயம் இருக்கு. பெரிய பாட்டில். ரெண்டு.

டெல்ஃபீன்: தெரியும்.

அம்புரோஸ்: என்ன தெரியும்?

டெல்ஃபீன்: நாலே பல்லு வச்சிருக்கிறவன்கிட்ட மறுநாள் காலையில புதினா வாசம் அடிச்சா எனக்குத் தெரியாதா?

அம்புரோஸ்: தெரிஞ்சுமா விருந்து வச்ச?

டெல்ஃபீன்: எனக்குத் தெரிஞ்சப்ப மானைச் சுட்டாச்சு. எழுந்து ஓடுன்னு அதுகிட்ட சொல்ல முடியுமா?

அம்புரோஸ்: விளையாடாத.

டெல்ஃபீன்: விளையாடலை. தினம் காலையில உன் முன்னாடிதான் உக்காந்தேன். சொல்லுவேன்னு பாத்தேன். நீ வானிலை பேசின. மறுநாள் மறுபடி வானிலை. ஒரு நாள் முயல் கண்ணி பத்தி அரை மணி நேரம் பேசின. சரி, இவன் சொல்லப்போறதில்லன்னு நானும் கோபமாத்தான் இருந்தேன். கோபத்துலதான் உனக்குச் சட்டை தைச்சேன். இடது கை குட்டையாப் போனது அதனாலதான்.

அம்புரோஸ்: நான் குளிர்ல கை நீண்டுடுச்சுன்னு நினைச்சேன்.

ஷெல்பி: ஏங்க... தப்பா எடுத்துக்காதீங்க. அந்தப் பதினோரு நாள்ல, முதல் ராத்திரி எல்லாம் எப்படி இருந்துச்சு?

டெல்ஃபீன்: இதுவும் படிவத்துல இருக்கா பொண்ணே?

ஷெல்பி: உள்ள இருக்கறவங்க உடல்நிலையைக் கேட்டு எழுதணுங்க.

அம்புரோஸ்: தூக்கம் வராதும்மா. கட்டில் காலடியில யாரோ உக்காந்திருக்கிற மாதிரி இருக்கும். எழுந்து பாத்தா யாரும் இல்ல. திரும்பப் படுத்தா அவன் வந்து உக்காந்துக்குவான்.

ஷெல்பி: எத்தனாவது ராத்திரி தூங்கினீங்க?

அம்புரோஸ்: ஆறாவது.

ஷெல்பி: அதுவரைக்கும் என்ன பண்ணினீங்க?

அம்புரோஸ்: ரெண்டாவது மாடியில துணி துவைக்கிற மெஷின் இருக்கு. அது முன்னாடி நாற்காலி போட்டு உக்காந்து, துணி சுத்துறதைப் பாத்துக்கிட்டு இருந்தேன்.

டெல்ஃபீன்: அஞ்சு ராத்திரியா? அவ்வளவு துணி ஏது உனக்கு?

அம்புரோஸ்: துணி போட்டது முதல் நாள்தான். அப்புறம் வெறும் மெஷினு.

ஷெல்பி: அது உதவுச்சாங்க?

அம்புரோஸ்: பாட்டில் இல்லாத ஒரு இடத்துல விடியற வரைக்கும் உக்காந்திருந்தேன். அவ்வளவுதான் அதோட உபயோகம். அது பெருசுதான்.

ஷெல்பி: ம்... எழுதிக்கிட்டேன்.

டெல்ஃபீன்: மச்சான், ஒண்ணு சொல்றேன். ஒரு வருஷத்துக்குன்னு வச்ச இறகை இன்னைக்கு உன் கையில குடுக்க மாட்டாங்க. அது நியாயம். குடுத்தாலும் நீ வாங்காத.

அம்புரோஸ்: அப்புறம் எதுக்கு மேல போறது?

டெல்ஃபீன்: பசிக்கலையா உனக்கு? அறுபது பேரு மேல பசியோட இருக்காங்க. அவங்க சாப்பாடு நம்மகிட்ட மாட்டிக்கிட்டு நிக்குது. வட்டத்துல சுத்தி வர்ற இறகை எல்லாரும் பிடிச்சுப் பேசலாம், அதை யாரும் தடுக்கப்போறதில்ல. உன் முறை வரும்போது பதினொண்ணுன்னு சொல்லு. போன மாசம் வில்ஃப்ரெட் எழுந்து நின்னு, "ரெண்டு மணி நேரம்"னான். அவனுக்கும்தான் கை தட்டினோம்.

அம்புரோஸ்: வில்ஃப்ரெட்டுக்கு மக வந்து உக்காந்திருக்கல.

டெல்ஃபீன்: அது சரி.

அம்புரோஸ்: எட்டு மணி நேரம் பஸ்ல வந்தவகிட்ட எப்படிச் சொல்றது?

டெல்ஃபீன்: எனக்குத் தெரியல. தெரிஞ்ச மாதிரி பேச மாட்டேன். என் மகன் இன்னும் வரல. ஆறு வருஷம் ஒரு சொட்டுகூடத் தொடாமதான் இருக்கேன். அவன் வரல. நீ வழுக்கி விழுந்தும் உன் மக வந்திருக்கா. அதை வச்சுக்கிட்டு நீ பின்படியில இறங்கிப் போனேன்னு வை, நானே துரத்திக்கிட்டு வந்து இந்தத் தொடையால அடிப்பேன்.

அம்புரோஸ்: கனமா இருக்குமே.

டெல்ஃபீன்: இருக்கும்.

ஷெல்பி: மெக்கானிக் மேல மோட்டார் அறைக்கு வந்துட்டாருங்க. லிஃப்டை ஏத்தப்போறாரு. கைப்பிடியைப் பிடிச்சுக்குங்க. மாமாவையும் பிடிச்சுக்குங்க.

டெல்ஃபீன்: ஏறுது.

அம்புரோஸ்: ஏறுது. கீழன்னு சொன்னேனே...

டெல்ஃபீன்: பேசாம நில்லு. சட்டையைச் சரி பண்ணு. இடது கையை மடிச்சு விடு, குட்டையா இருக்கிறது தெரியாது. கதவு திறக்குது பாரு.

ரேலீன்: அப்பா?

அம்புரோஸ்: ரேலீன்.

ரேலீன்: ஒரு மணி நேரமா பாடிக்கிட்டே இருக்காங்க. முரசு அடிக்கிறவருக்குக் கை வீங்கிடுச்சு. வணக்கம் ஐயா... இவரு யாருப்பா? ஏன் தலை தொங்கிக்கிட்டு இருக்கு?

அம்புரோஸ்: ஒரு வருஷம் இல்லம்மா. பதினோரு நாள்தான்.

ரேலீன்: என்னது?

அம்புரோஸ்: குடிச்சிட்டேன். நீ வரேன்னு எழுதின கடிதாசி வந்த அன்னைக்கு. உன் மேல தப்பில்ல. இறகு இன்னைக்குக் கிடையாது. உள்ள போய் எல்லார்கிட்டயும் சொல்லப்போறேன். உனக்குத்தான் முதல்ல சொல்லணும்னு...

ரேலீன்: நான் எட்டு மணி நேரம் பஸ்ல வந்தேன்.

அம்புரோஸ்: தெரியும்.

ரேலீன்: பாத்ரூமே இல்லாத பஸ்ஸு.

அம்புரோஸ்: அது தெரியாது.

ரேலீன்: அந்த ஒரு நாள்தானா? அதுக்கு முன்னாடி?

அம்புரோஸ்: அதுக்கு முன்னாடி முந்நூத்து ஐம்பத்துமூணு நாள் சுத்தம். அதுக்கப்புறம் பதினொண்ணு.

ரேலீன்: எனக்கு இப்ப கோபமா வருது. ராத்திரிக்குள்ள போகுமா, போகாதான்னு தெரியாது. ஆனா நாளைக்குத்தான் பஸ்ஸு. பசி வேற.

அம்புரோஸ்: சரிம்மா.

ரேலீன்: இந்தப் பெரியவரை நான் தள்ளட்டுமா?

அம்புரோஸ்: தள்ளு. மெதுவா. அவரு பெரியவரு இல்ல. அவருதான் சாப்பாடு.

ரேலீன்: ...இவரா? படியில இறங்கிப் பாத்தேன், கீழ ஒரு அம்மா கண்ணைத் துடைச்சுக்கிட்டு நிக்கிறாங்க. காது கேக்காத ஐயாவுக்கு என்ன ஆச்சுன்னு கேட்டுக்கிட்டே இருக்காங்க.

டெல்ஃபீன்: அவரு நல்லா இருக்காருன்னு சொல்லு. வேலை நேரம் முடிஞ்சப்புறம் இன்ஸ்பெக்டரா இல்லாம மனுஷியா மேல வந்தா, அவங்களுக்கும் ஒரு தட்டு உண்டுன்னு சொல்லு. நீங்க ரெண்டு பேரும் முன்னாடி போங்க. இங்க ரத்தம் சொட்டியிருக்கு, துடைச்சிட்டு வரேன்.

அம்புரோஸ்: வந்துடு மச்சினி.

டெல்ஃபீன்: நான் எங்க ஓடப்போறேன்? என் கோட்டு என்கிட்டதான் இருக்கு, இருந்தும் நிக்கிறேன்ல. போ.

டெல்ஃபீன்: ...ஷெல்பி, இந்தப் பொட்டியில இன்னும் பச்சை விளக்கு எரியுதே. இருக்கியா?

ஷெல்பி: இருக்கேங்க.

டெல்ஃபீன்: கதவு திறந்தாச்சு, எல்லாரும் வெளிய போயாச்சு. இனிமே எழுத ஒண்ணும் இல்லையே. லைனை வைக்காம ஏன் நிக்கிற தாயி?

ஷெல்பி: எனக்கு இன்னையோட நாலு நாளுங்க. ஷிஃப்ட் முடிஞ்சு இருபது நிமிஷம் ஆச்சு. வீட்டுக்குப் போற வழியில மூணு சாராயக்கடை இருக்கு.